ஆச்சி வேதத்துல இருக்கிற வசனம், பேரன் வேதத்துல ஏன் இல்லை?

எங்க வீட்டுல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. ஆளுக்கு ஒரு வசனமா சுத்தி வாசிப்போம். அம்மா கையில் திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்த கறுப்பு அட்டை பரிசுத்த வேதாகமம். பன்னிரண்டு வயசு மகன் கையில் போன். அதில் அவன் சண்டே ஸ்கூலில் வாசிக்கும் என்.ஐ.வி. ஆங்கில மொழிபெயர்ப்பு. போன மாதம் அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரம் வந்தது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போகிறார், பிலிப்பு அவருக்கு வேதத்தை விளக்குகிறார், வழியில் தண்ணீர் தெரிகிறது. 36ஆம் வசனத்தை அம்மா வாசித்தாங்க. அடுத்து மகன். நேரே 38க்குப் போய்ட்டான்.

"ஏல, ஒரு வசனத்த விட்டுட்டியே."

"இல்ல ஆச்சி, இதுல 37 இல்ல."

அம்மா கண்ணாடியைப் போட்டு அவன் போனை வாங்கிப் பார்த்தாங்க. உண்மையாவே இல்லை. "வேதத்துலயே கைய வச்சிட்டானுவளே! இத வச்சா பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கீங்க?" என்று என்னைப் பார்த்தாங்க.

அடுத்த வாரம் மகன், "நான் ரூம்லயே படிச்சுக்கிறேன்" என்றான். அம்மாவோ அவனுக்கு உடனே கே.ஜே.வி. வாங்கணும்னு நின்னாங்க. நியூ ஜெர்சியில் வளர்ந்த எனக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியலை. டாலஸில் இருக்கிற அத்தை மகளிடம் சொன்னேன். "எங்க வீட்டுலயும் இதே சண்டைதான்" என்றாள். அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துக்கிறேன்.

வெட்டினது யாரு?

யாரும் வெட்டலை. முதலில் ஒரு விஷயம்: புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பார்க்கிற வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சுக்காரர். வருஷம் 1551. அப்போது புழக்கத்தில் இருந்த கிரேக்க அச்சு நூல்கள், எராஸ்மஸ் 1516இல் வெளியிட்ட பதிப்பின் வழியில் வந்தவை. தன்னிடம் இருந்த சில பிற்காலக் கையெழுத்துப் பிரதிகளை வைத்துத்தான் எராஸ்மஸ் அதைத் தயாரித்தார். இந்த 37ஆம் வசனத்தை அவர் ஒரு பிரதியின் ஓரத்தில் கண்டு சேர்த்தார். 1611இல் வந்த கே.ஜே.வி.யின் புதிய ஏற்பாடு அந்த வழியில் வந்ததுதான்.

பின்னால் இன்னும் பழைய பிரதிகளை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். சீனாய் மலை மடத்தில் 19ஆம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்த பிரதியும், வத்திக்கான் நூலகத்துப் பிரதியும் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் இந்த வசனம் இல்லை. ஞானஸ்நானத்தின்போது சொல்லும் விசுவாச அறிக்கையை யாரோ ஓரத்தில் எழுதிவைக்க, பிறகு படி எடுத்தவர்கள் அதை உள்ளே சேர்த்திருக்கலாம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதுக்காக யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை என்றும் தள்ள முடியாது. இரண்டாம் நூற்றாண்டு இரேனியுவே அந்த அறிக்கையை அறிந்திருந்தார்.

அதனால் 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பிலிருந்து இந்த வசனம் அடிக்குறிப்புக்கு இறங்கியது. 1978இல் முழுமையாக வந்த என்.ஐ.வி.யும் 2001இன் ஈ.எஸ்.வி.யும் அப்படியே செய்தன. மத்தேயு 17:21, மாற்கு 9:44, 46 போன்ற இடங்களிலும் இதே கதைதான். எண்ணை மாற்றினால் எல்லாருக்கும் குழப்பம் என்பதால் எண் மட்டும் காலியாக நிற்கிறது. போனில் அடிக்குறிப்பு ஒரு சின்னக் குறியாகத்தான் தெரியும். அப்போஸ்தலர் 8:37இல் அதைத் தொட்டால் வசனம் முழுசா வருது! மகன் அதைத் தொட்டதே இல்லை.

ஆச்சி வேதமும் கே.ஜே.வி.யும் ஒரே குடும்பம்

அம்மா வாசிக்கிறது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்த மொழிபெயர்ப்பு. அதாவது 1881க்குப் பத்து வருஷம் முந்தியது. அதனால்தான் அது கே.ஜே.வி.யோடு வசனத்துக்கு வசனம் ஒத்துப்போகுது. தமிழிலும் புது மொழிபெயர்ப்பு உண்டு. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம், பழைய பிரதிகளை ஒப்பிட்டு உருவான கிரேக்கப் பதிப்பின் வழியில் வந்தது.

வித்தியாசம் வார்த்தையில் பளிச்சுன்னு தெரியும். அங்கே ஆதியாகமம், இங்கே தொடக்க நூல். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல்கள். தேவன் கடவுளாகிறார், கர்த்தர் ஆண்டவராகிறார், இரட்சிப்பு மீட்பாகிறது. வாரக்கடைசியில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற என் மகனுக்குத் 'தொடக்கம்' தெரியும், 'ஆதி' தெரியாது. அம்மாவுக்கோ, 'கிருபை'க்குப் பதிலா 'அருள்' என்றால் வேற யாரோ வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்குதாம். ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான்.

பழசும் ஒரு நாள் புதுசுதான்

அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதில் கடவுள், சர்வேசுரன். 1772இல் பப்ரிசியஸ் பராபரன் என்றார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தவர், சைவரான ஆறுமுக நாவலர். 1850இல் வெளியான அந்த மொழிபெயர்ப்பைச் சென்னையில் ஏற்கவில்லை. பவர் திருப்புதல் வந்தபோதும், பப்ரிசியஸில் ஊறிய லுத்தரன் சபையார் லேசில் மாறலை. ஆங்கிலத்திலும் இப்படித்தான். 1620இல் இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த பியூரிட்டன்களுக்கு, ஒன்பதே வருஷம் பழசான கே.ஜே.வி.யைவிட ஜெனீவா வேதாகமம்தான் பிரியம்.

மகனிடமும் ஒன்று சொன்னேன். கே.ஜே.வி. ஆங்கிலத்தை ஆச்சி பயபக்தியோடு பார்ப்பதில் தப்பில்லை; ஆனா நீ படிக்கும்போது ஜாக்கிரதை. அதில் 'சஃபர்' என்றால் பல இடங்களில் 'கஷ்டப்படு' இல்லை, 'அனுமதி'. 'பிரிவென்ட்' என்றால் 'தடு' இல்லை, 'முந்திப்போ'. தமிழில் அம்மா வேதமும் அப்படித்தான்: யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரணும்.

எங்க வீட்டுல இப்போ

ஜோடி சேர்த்து வாசிக்கிறோம். அம்மாவின் வேதத்தோடு 1982இல் வந்த நியூ கிங் ஜேம்ஸ். ஆங்கிலம் இன்றையது, ஆனா அடிப்படை அதே பழைய கிரேக்க நூல், அதனால் எண் தாண்டாது. மகன் தனியாகப் படிக்க என்.ஐ.வி.யே இருக்கட்டும், அதோட தமிழ் வேணும்னா திருவிவிலியம் பொருந்தும். ஒரே ஒரு நிபந்தனை: அடிக்குறிப்பையும் வாசிக்கணும்.

அம்மா முழுசா சமாதானம் ஆகலை. "மந்திரி நம்புறேன்னு வாயால சொன்னது அந்த வசனத்துலதான இருக்கு?" என்கிறாங்க. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவங்களுக்கு அது ஞானஸ்நானத்துக்கு முன்னால் மனப்பாடம் பண்ணின வசனம்.

போன வாரம் மாற்கு ஒன்பது. புது வேதம் கையில் இருந்தும், மகன் வேணும்னே போனில் என்.ஐ.வி.யைத் திறந்தான். 43 முடிந்ததும் நிறுத்தி, "ஆச்சி, 44 உங்களுது" என்றான். அம்மா புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னாங்க. அவன் போனில் அடிக்குறிப்பைத் தொட்டு, அது காட்டிய 48ஆம் வசனத்தோடு வார்த்தை வார்த்தையா சரிபார்த்துக்கிட்டே வந்தான்.