வேர் மூச்சுவிடும் தூள்

பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே அகலமான களங்களில் பழுப்பு நிறத் தூள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும்போது உதிர்வது அது. ஒரு காலத்தில் கேட்பாரற்று நார் மில்களுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, 5 கிலோ கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் இந்தத் தூள் அடைத்த பைகளில் வேரூன்றித் தக்காளி காய்க்கிறது. அடுக்குமாடி வீட்டில் எல்இடி விளக்கின் கீழ் துளசியும் கீரையும் குடைமிளகாயும் வளர்ப்பவர்களும் கோகோபீட் என்ற பெயரில் இதைத்தான் வாங்குகிறார்கள்.

தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் தூள் இது. ஆனால் வீட்டுக்குள் வளரும் செடிகளில் தாகத்தால் வாடுவதைவிட, நிறைய ஊற்றியதால் வேர் அழுகிச் சாவதே அதிகம். காரணம், வேரும் மூச்சுவிடுகிறது. ஒளிச்சேர்க்கை இலையின் வேலை. அங்கிருந்து வரும் சர்க்கரையை எரித்துத்தான் வேர் உப்புகளை உறிஞ்சுகிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். துளைகளில் நீரே நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமிருக்காது.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கையாக வைத்தால் சொட்டிவிட்டுச் சிறிது நேரத்தில் நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மறுபடி தண்ணீர் வடியும். ஸ்பாஞ்சின் அடியில் எப்போதும் ஈரம் ததும்பிய ஒரு பட்டை தங்குகிறது. படுக்க வைத்தால் அது ஸ்பாஞ்சின் பெரும்பகுதி, நிறுத்தினால் சிறுபகுதி. தொட்டிக்குள் நடப்பதும் இதுதான். ஆழமில்லாத தட்டில் நிரப்பிய கோகோபீட் ஏறக்குறைய முழுவதும் சொதசொதவென்று இருக்கும். அதே தூள் உயரமான தொட்டியில் இருந்தால் மேற்பாதியில் காற்று நிற்கும். அடியில் கூழாங்கல் போடுவதால் அந்த ஈரப்பட்டை குறைவதில்லை, சற்று மேலே நகர்கிறது. தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிடுவது அதைவிட நல்ல பலன் தரும்.

தண்ணீர் வடியும்போது அதன் பின்னாலேயே புதுக்காற்று துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. ஆகவே முறையாக ஊற்றும் ஒவ்வொரு முறையும் வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. பெரிய தொட்டியில் நட்ட சின்ன நாற்று மெதுவாகத்தான் குடிக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்த பிறகே மறுபடி ஊற்ற வேண்டும். வேர் தொட்டி முழுவதும் பரவிய செடிக்கு ஒரு நாளில் பலமுறைகூடச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அதற்காக முற்றிலும் உலர விடவும் கூடாது. தூளில் சத்து ஏதும் பெரிதாக இல்லாததால் உரத்தைத் தண்ணீரிலேயே கலந்து தருகிறார்கள். காயக் காய அந்த உரத்தின் உப்பு செறிந்து வேரைச் சுடும். ஊற்றியதில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு அடியில் வடிந்து போனால் மிச்ச உப்பும் கூடவே வெளியேறும்.

தூளுக்கென்று பிறவிக் குணமும் ஒன்று உண்டு. தென்னையிலிருந்து வந்த பொட்டாசியமும் சோடியமும் அதில் ஒட்டியிருக்கும். தண்ணீரில் கழுவினால் மட்டும் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்தால் கால்சியம் உள்ளே புகுந்து அவற்றைத் தள்ளிவிடுகிறது. இப்படிப் பக்குவப்படுத்தாத தூள், செடிக்கு ஊட்டும் கால்சியத்தைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி வெப்பம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. அதே பத்து டிகிரி ஏற்றத்தில் வேரின் ஆக்சிஜன் தேவையோ ஏறத்தாழ இருமடங்காகிறது. வரவு குறைய, செலவு கூட, வேர் திணறுகிறது. தண்ணீரில் நீந்திப் பரவும் பித்தியம் என்னும் அழுகல் கிருமியின் சில இனங்களுக்கு அந்தச் சூடு மிகவும் பிடிக்கும். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வரும். தக்காளி, வெள்ளரி போன்றவற்றின் வேருக்கு 20 முதல் 24 டிகிரி வரை இதமானது.

சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் காங்கும் சக ஆய்வாளர்களும் வேரின் வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பதை 1990களில் தெளிவாகக் காட்டினார்கள். குளிர்நாட்டு லெட்யூஸ் கீரையின் இலைகளை அவ்வூர் வெக்கையிலேயே விட்டுவிட்டு, வேருக்கு மட்டும் குளிர்ந்த சத்துநீரைத் தெளித்தார்கள். கீரை செழித்தது. முழுக் கூடத்தையும் குளிர்விக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் வேரைக் குளிர்விக்கப் பெரிய கருவி தேவையில்லை. துணிப்பைத் தொட்டியின் பக்கங்களில் ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கறுப்புத் தொட்டியை வெள்ளைத் தொட்டிக்குள் இறக்கிவைத்தால் விளக்கின் சூடு நேரே தாக்காது. சென்னையின் மே மாத மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையையே சுடும். முந்தைய இரவே வாளியில் பிடித்துவைத்துக் காலையில் ஊற்றுவது நல்லது.

குளிர்நாட்டில் சிக்கல் தலைகீழ். டொரோண்டோவில் பல தமிழ் வீடுகளில் பனிக்காலம் தொடங்கியதும் கறிவேப்பிலைத் தொட்டியை உள்ளே கொண்டுவருவார்கள். அறை கதகதப்பாக இருந்தாலும் ஜன்னலோரத் தரை சில்லிட்டிருக்கும். குளிர்ந்த வேர் நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். இலை மஞ்சளாகி உதிரும். தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றினால் அந்த நீர் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். தொட்டியைத் தரையிலிருந்து ஒரு மரப்பலகை மேல் தூக்கிவைப்பது நல்லது. ஏன் என்பது சமையலறை வெப்பமானியின் முனையைத் தூளுக்குள் நான்கு விரல் ஆழம் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்: அறை 21 என்று காட்டும்போது வேர் 14இல் நடுங்கிக்கொண்டிருக்கலாம்.