சென்னையில் எழுந்த பெர்லின் சுவர்

2013 நவம்பரில் சென்னையில் நடைபெற்ற உலக சதுரங்கப் பட்டப் போட்டியில் விசுவநாதன் ஆனந்தை 3 ஆட்டங்களில் வென்று நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் பட்டத்தைக் கைப்பற்றியதே பெரிதும் பேசப்படுகிறது எனினும், அப்போட்டியின் மிகச் செறிவான ஆட்டம், நவம்பர் 13 அன்று சமனில், அதாவது இருவருக்கும் அரைப் புள்ளி வீதம், முடிந்த 4ஆவது ஆட்டமே ஆகும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆனந்த், ராஜாவின் முன் நின்ற சிப்பாயை இரு கட்டம் நகர்த்த, கார்ல்சன் பெர்லின் தற்காப்பு எனப்படும் தொடக்கத்தைத் தேர்ந்தார். இத்தொடக்கத்தில் 8ஆவது நகர்த்தலிலேயே இரு ராணிகளும் வெட்டுப்படுகின்றன. கறுப்பு ராஜா, யானையின் துணையுடன் ஓரத்தில் ஒதுங்கும் கோட்டை கட்டும் உரிமையை இழக்கிறது. கறுப்பின் சிப்பாய்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது. இவற்றுக்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைப்பவை, இரு மந்திரிகளும் உடைப்பதற்கரிய அரணும். 2000இல் லண்டனில் விளாதிமிர் கிராம்னிக் இதன் துணையுடன், காரி காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் பட்டம் பெற்றபின் இது 'பெர்லின் சுவர்' என வழங்கலாயிற்று. ராணிகள் இல்லாத ஆட்டம் சப்பென்றிருக்கும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சென்னை ஆட்டம் காட்டியது.

18ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் மந்திரி எதிரியின் எல்லைக்குள் புகுந்து ஏ2 கட்டத்துச் சிப்பாயை வெட்டியது. பயிற்சியாளர்கள் மாணவர்களை எச்சரிக்கும் செயல் இது. ஏனெனில் அண்டைச் சிப்பாயை பி3க்கு நகர்த்தினால் மந்திரி திரும்பும் வழி அடைபடும். ஆனந்தும் அதையே செய்தார். கார்ல்சனோ தம் சிப்பாயை சி4க்குத் தள்ளி அடைப்பை உடைத்து, மந்திரியை பி1 வழியாக எஃப்5க்கு மீட்டார். ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் வேறெவரேனும் தற்காப்பில் ஒடுங்கியிருப்பர். ஆனந்த் 33ஆவது நகர்த்தலில் நடுச்சிப்பாயை முன்தள்ளிப் பரிமாறி, எதிர்ச் சிப்பாய் எதுவும் குறுக்கே நில்லாத தடையற்ற சிப்பாய் ஒன்றைப் பெற்றார். இடையில் மற்றொரு சிப்பாயும் பறிபோனபோதிலும், ராணியாக மாற ஒரே கட்டம் எஞ்சிய இடம்வரை அது முன்னேறி, கறுப்பு யானைகளைக் காவலில் கட்டிப்போட்டது. 64ஆவது நகர்த்தலில், இருபுறமும் ஒரு யானையும், கறுப்புக்கு மட்டும் ஒரு சிப்பாயும் எஞ்சிய நிலையில், ஆட்டம் சமனாயிற்று.

கடையநல்லூர் முதலிய ஊர்களின் பள்ளிகளில் சதுரங்கம் பயிலும் மாணவர்கள் இந்த 64 நகர்த்தல்களையும் பலகையில் ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். 18ஆவது நகர்த்தல் வந்ததும் சற்று நிறுத்தி, தாமாக விடை தேடிய பின்னரே அடுத்ததைப் பார்க்க வேண்டும்.