உங்களுக்குத் தெரியுமா? – ‘காப்பி இயந்திர’ காலத்து ஸ்பிரிங் பட்டைகள்

சிங்கப்பூரில் 1896இல் வந்திறங்கிய முதல் மோட்டார் கார், அதாவது ‘காப்பி இயந்திரம்’ என்ற பட்டப்பெயர் பெற்றதும் சார்லஸ் பர்ட்டன் பக்லி என்பவருக்கு உரியதுமான பென்ஸ் வண்டி, மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் நிறைந்திருந்த ஒரு நகரத்தின் சாலைகளில் ஓடவேண்டியிருந்தது. மாட்டு வணிகம் செழித்த சிராங்கூன் சாலையின் பாரவண்டி குலுங்கினால் சரக்குதான் ஆடும்; காரிலோ அந்தக் குலுக்கல் இயந்திரத்தையே பாதிக்கும் என்பதால், பல எஃகுத் தகடுகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் பட்டைகள் அக்கால வண்டிகளில் அதிர்வைத் தாங்கின.

பாரம் ஏற்றிப் பார்ப்பது மட்டும் இப்பட்டையின் ஆயுளைக் காட்டாது. ஒரே முறையில் முறிக்க இயலாத சிறு விசையும் இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வளைத்தால் எஃகை முறித்துவிடக்கூடும். ‘உலோக அயர்ச்சி’ எனப்படும் இதனைப் பிரஷ்ய இரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1870 வரை இரயில் அச்சுகளைச் சோதித்து அளவிட்டார். பட்டையையும் அவ்வாறே எந்திரத்தில் பூட்டி, முறியும்வரை வளைத்து எண்ணிக்கை எடுப்பதே சோதனை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் வனேடியம் கலந்த எஃகு பயன்பட்டதற்கு, இத்தகைய அயர்ச்சியைத் தாங்கும் அதன் உறுதியும் ஒரு காரணம்.

சிங்கப்பூரின் ஈரக் காற்றோ எந்திரத்தினும் கண்டிப்பான சோதனையாளர்: துரு அரித்த நுண்குழியிலிருந்தே விரிசல் தொடங்கும் என்பதால், தகடுகளுக்கிடையே கிரீஸ் தடவுவது அங்கே இன்றியமையாததாயிற்று.