ஆங்கில ஆசிரியரும் தமிழ் மாணாக்கரும்

பிறமொழி கற்பிக்கப் புகும் ஆசிரியர், தம்முன் அமர்ந்திருக்கும் மாணாக்கன் முன்னரே ஒரு மொழியை உடையவன் என்பதை மறத்தலாகாது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைச் சொல்லமாட்டாது தலைகுனிந்து நிற்கும் சிறுவன், தமிழில் வழக்காடவும் கதை சொல்லவும் வல்லவனாயிருத்தல் கூடும். அவ்வல்லமையை அடித்தளமாகக் கொண்டு கற்பிப்பதே ஆங்கில ஆசிரியர் அவனுக்குச் செய்யத்தக்க பேருதவியாகும்.

இது நம் நாட்டிற்குப் புதியதன்று. 1823ஆம் ஆண்டில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிலப்பட்டன. அங்குக் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். அவரே 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். விபுலாநந்த அடிகளாரோ செகசிற்பியாரின் நாடகங்களைத் தமிழ் நாடகவியலோடு பொருத்தி ஆராய்ந்து 1926இல் ‘மதங்க சூளாமணி’ தந்தார். ஆங்கிலப் புலமை இவர்தம் தமிழைத் தேய்க்கவில்லை. தமிழும் இவர்தம் ஆங்கிலத்திற்குத் தடையாகவில்லை.

1945இல் வந்த இலவசக் கல்வியும், அதனையடுத்துப் பரவிய தாய்மொழிக் கல்வியும், ஏழை மக்களுக்குக் கல்விக் கதவைத் திறந்தன. எனினும் மருத்துவமும் பொறியியலும் நம் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. உயர்தரம் வரை தமிழிற் கற்றுச் சிறந்த புள்ளிகள் பெற்றவன், விரிவுரை மண்டபத்தின் முதல்நாளிலே திகைத்து நிற்க நேர்கின்றது. வெள்ளவத்தையில் ஆங்கிலம் வழங்கும் இல்லத்துப் பிள்ளைக்கு இத்துன்பம் குறைவு. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருவொன்றில், ஆங்கிலம் அறியாப் பெற்றோருக்குப் பிறந்து, தனி வகுப்புக்குப் பணமும் இல்லாத பிள்ளைக்கோ, பாடசாலையின் பாடவேளையே முழு உடைமை. அதனை வீணாக்குதல் அவன் வாழ்வின் ஒரு பகுதியைப் பறித்தலை ஒக்கும்.

அங்ஙனமாயின் ஆசிரியர் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, பிழையின் காரணத்தை அறிதல். ‘கண்ணன் முருகனை அழைத்தான்’ என்றாலும் ‘முருகனைக் கண்ணன் அழைத்தான்’ என்றாலும் தமிழில் அழைத்தவன் கண்ணனே. ஐயுருபு பொருளைக் காக்கின்றது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை. சொல் நிற்கும் இடமே பொருளைக் காட்டுதலால், பெயர்கள் இடம் மாறின் அழைத்தவனே அழைக்கப்பட்டவனாகிவிடுவான். இவ்வேற்றுமையை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால், நூறுமுறை சிவப்பு மையால் அடிப்பதிலும் மிகுந்த பயன் விளையும்.

பெயர்ச்சொல்லின் முன் வரும் ‘எ’, ‘தி’ என்னும் சிறுசொற்கள் நம் பிள்ளைகளை மிகவும் வருத்துவன. ஆயினும், ‘ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தான், அந்த ராசாவுக்கு மூன்று பெண்கள்’ என்று பாட்டி சொல்லும் கதையில் அவ்விலக்கணம் ஒளிந்திருக்கின்றது. முதன்முறை சொல்லுகையில் ‘ஒரு’. கேட்போர் அறிந்தபின் ‘அந்த’. தமிழில் இவற்றை விடுதலும் கூடும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் விடலாகாது. இதனைக் கூறின் மாணாக்கன் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வான்.

உச்சரிப்பும் அத்தகையதே. ‘பம்பலப்பிட்டி’ என்னும் ஊர்ப்பெயரை வாய்விட்டுச் சொல்லச் செய்க. முதலிரு பகரங்களும் மெலிந்தொலிக்க, இறுதியில் இரட்டித்து வரும் பகரம் வலிந்தொலிக்கும். எழுத்து ஒன்றேயாயினும் ஒலி இரண்டு. ஆங்கிலம் வெவ்வேறெழுத்தாற் குறிக்கும் அவ்விரண்டொலியும் முன்னரே தன் நாவில் உள்ளன என்றறியும் சிறுவனுக்கு அச்சம் நீங்கும்.

இரண்டாவது, நாணத்தைப் போக்குதல். பேசிக்கொண்டிருக்கும்போதே இடைமறித்துத் திருத்தினால் மாணாக்கன் வாய் மூடிவிடுவான். அவனை முழுதும் பேசவிட்டு, பின்னர் ஒரு பிழையை மட்டும் எடுத்து வகுப்பு முழுவதற்கும் பொதுவாக விளக்குதல் நன்று. பிறர் பிழையை நகைக்கும் வழக்கம் வகுப்பில் வேரூன்ற இடங்கொடுத்தலாகாது.

மூன்றாவது, பாடப்பொருளை மாணாக்கன் வாழ்வோடு இணைத்தல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா அவர்கள், 1999இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், அமெரிக்கப் பாடநூலொன்றைப் பயின்ற மாணவர் அதன் ஓரங்களில் தம் சொற்களையும் சித்திரங்களையும் தீட்டியிருந்ததை ஆராய்ந்துள்ளார். நூலின் உலகம் தமக்கு அந்நியமாயிருந்தமையால், அவர்கள் தம் உலகத்தை அதன் ஓரத்திலே வரைந்துகொண்டனர். ஆகவே பாடநூலோடு அமையாது, செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும் ஆடிவேல் விழாவையும், காலி வீதிக் கடைகளையும், கடலோரப் புகையிரதத்தையும் பற்றி ஆங்கிலத்திற் சொல்லவும் எழுதவும் பயிற்றுக. சொல்லுவதற்குப் பொருள் உண்டாயின் சொல்லும் தேடிவரும்.

நான்காவது, வாசிப்பு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அதிபராயிருந்த மைக்கேல் வெஸ்ட், எளிய சொற்களாலாகிய வாசிப்பையே முன்வைத்தார். அவர் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் உள. நாளொன்றுக்கு மூன்று சொல் கற்பவன் இரண்டாண்டுகளுள் அத்தொகையை எட்டுவான். ஆயினும் பட்டியலை மனனஞ் செய்தல் போதாது. அச்சொற்களை எளிய கதைகளில் மீண்டும் மீண்டும் சந்தித்தல் வேண்டும்.

இவையனைத்தும் ஆசிரியர் ஒருவராலேயே ஆகக்கூடியன அல்ல. விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவர்கள் தம் கல்லூரி நூல்நிலையத்திற்கு எளிய ஆங்கிலக் கதைநூல்களை அளிப்பாராக. ஆங்கிலத்திற் பணியாற்றுவோர் கிழமைக்கொரு மணிநேரம் வந்து மாணாக்கரோடு உரையாடுவாராக. மாணாக்கர்களும், ஆங்கிலம் அறியாமை அறிவின்மையன்று என்பதை நெஞ்சிற் கொள்க. தமிழை நன்கு கற்றவன் மொழியொன்றைக் கற்கும் வழியை அறிந்தவன். அவ்வழியே அவனை ஆங்கிலத்திற்கு அழைத்துச் செல்வது ஆசிரியர் கடன்.