இரவு வேலைக்குப் போகும் கொக்கு

பொழுது சாய்ந்ததும் பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் நின்றால், தலைக்கு மேல் "குவாக்" என்று ஒரு கரகரத்த குரல் கேட்கலாம். காகம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இராக்கொக்கு. வக்கா என்றும் சொல்வார்கள். நிக்டிகோராக்ஸ் என்ற அதன் அறிவியல் பெயருக்கே 'இரவுக் காகம்' என்றுதான் பொருள். வானொலியில் இந்தக் குரலுக்கு வேலை கிடைப்பது சந்தேகம்!

உடல் நீளம் சுமார் 60 செண்டிமீட்டர். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கேமரன் மலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பவரைப் போலக் குறுகி உட்கார்ந்திருக்கும். உச்சந்தலையும் முதுகும் கறுப்பு, இறக்கை சாம்பல், கண்கள் ரத்தச் சிவப்பு. பிடரியிலிருந்து இரண்டு மூன்று வெள்ளை இறகுகள் ரிப்பன் போலத் தொங்கும். இளம் பறவையோ பழுப்பு நிறம், மேலெல்லாம் வெளிர்ப் புள்ளிகள். வேறு பறவை என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரியவர்களின் உடுப்புக்கு முழுதாக மாற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

மீன், தவளை, நண்டு, எலி, ஏன், பிற பறவைகளின் குஞ்சுகூட இதற்கு இரைதான். மற்ற கொக்குகள் பகலெல்லாம் மீன் பிடித்த கரைக்கு இது இரவில் வருவதால் போட்டி குறைவு.

ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் ஓய்வு ஏது? பகலிலும் இரை தேடக் கிளம்பிவிடும். அந்த நாள்களில் கேமராவும் கையுமாகக் கூட்டை நெருங்காதீர்கள். மிரண்டுபோன குஞ்சுகள் விழுங்கிய மீனைக் கக்கிவிடும். பெற்றோர் அலைந்து திரிந்து கொண்டுவந்த ஒரு வேளைச் சாப்பாடு போச்சு.