ஐம்பத்தோராவது சேலை

சந்தைக்குப் போகும் முன் சின்னாளபட்டி டிசைனைக் காப்பது எப்படி?

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், காந்திகிராமத்தை ஒட்டி இருக்கிறது சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு பட்டறைக்காரர் புது டிசைன் ஒன்றைப் போடுகிறார் என்றால் அதற்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. முந்தானையில் என்ன வர வேண்டும், பார்டர் எத்தனை அங்குலம், உடலில் புட்டா எங்கெங்கே விழ வேண்டும், எந்த நிறத்துக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று யோசித்து வரைந்து, ஸ்கிரீன் செய்து, சாயம் சரியாக வரும்வரை துணியை வீணாக்கி, ஒரு மாதிரிச் சேலையை முடிக்கிறார். அதைப் படம் எடுத்து வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். டிசைன் நன்றாக ஓடினால், அதே சேலை வேறொரு இடத்தில் அச்சாகி, மலிவான துணியில், குறைந்த விலைக்குச் சந்தையில் வந்து இறங்குகிறது. வரைந்தவருக்குச் செலவு மட்டும் மிஞ்சுகிறது.

"இது நான் போட்ட டிசைன்" என்று அவர் சொல்வது முழு நியாயம். அந்த நியாயம் நீதிமன்றத்தில் நிற்குமா என்பதை 50 என்ற ஓர் எண் தீர்மானிக்கிறது.

எண்ணிக்கையில் தொலையும் உரிமை

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளிகளுக்குத் தாராளமானது. படம் வரைந்தாலும், பாட்டுக்கு மெட்டுப் போட்டாலும், கதை எழுதினாலும், படைத்த கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்துதான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும். தாளில் வரைந்த சேலை டிசைனும் ஓவியம்தானே, அதற்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்றே பலர் நம்புகிறார்கள்.

அங்கேதான் 15ஆவது பிரிவு குறுக்கே வருகிறது. டிசைன் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைக் கொண்ட பொருளை உரிமையாளரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50க்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை முடிந்துபோகும். பட்டறையில் 51ஆவது சேலை அச்சாகி விழும்போது வரைந்தவர் தன் உரிமையைத் தானே இழந்துவிடுகிறார். ஒரு டிசைன் ஓடத் தொடங்கினால் ஐம்பது சேலை என்பது ஓர் எண்ணிக்கையே இல்லை. நன்றாக விற்கும் டிசைனுக்குத்தான் இந்த ஆபத்து. விற்காத டிசைனை யாரும் சீந்தப்போவதில்லை.

இது ஏட்டளவில் கிடக்கும் விதி இல்லை. புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் நிறுவனம், தங்கள் டிசைன்களை நகலெடுத்ததாக பீபா நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் காட்டியது. டிசைன்கள் பதிவு செய்யப்படவில்லை, உடைகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன, ஆகவே பதிப்புரிமை கோர முடியாது என்றது. வழக்கறிஞர் படையை வைத்துக்கொள்ளக்கூடிய நிறுவனத்துக்கே அந்த நிலை. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கலைப்படைப்புக்கும் தொழில் டிசைனுக்கும் உள்ள எல்லையை இன்னும் தெளிவாக வரையறுத்தது. வரைந்த படம் ஒரு கலைப்படைப்பாகவே நிற்கிறதா, இல்லை தொழில்முறையில் பொருளின் மீது ஏறிவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சேலைக்காகவே போட்ட டிசைன் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அச்சுக்கட்டையை வைத்துக் கையால் அச்சடிக்கிறோம், தொழிற்சாலை இல்லையே என்று நினைத்தும் ஆறுதல் கொள்ள முடியாது. டிசைன் சட்டம் கைவேலை, இயந்திரவேலை, ரசாயனமுறை மூன்றையும் சேர்த்தே பேசுகிறது.

ஆயிரம் ரூபாய், ஒரு நிபந்தனை

வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு. அதற்குமேல் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு கைக்கு வரச் சில மாதங்கள் ஆனாலும், கிடைத்தபின் விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு.

நிபந்தனை ஒன்றுதான், ஆனால் கடுமையானது: டிசைன் புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் உலகில் எங்கும் அது வெளியாகியிருக்கக் கூடாது. பாட்டி காலத்துப் புள்ளி வரிசையை யாரும் தன் பெயரில் பதிய முடியாது. அது ஊரின் பொதுச்சொத்து, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். புதிதாக அமைத்த கோலத்தைப் பதியலாம். ஆனால் நீங்களே உங்கள் சேலைப் படத்தை வியாபாரிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் விண்ணப்பித்தால், அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதலில் விண்ணப்பம், பிறகு வாட்ஸ்அப். இந்த வரிசை மாறக் கூடாது. எல்லா டிசைனையும் பதிய வேண்டும் என்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம்பி இறக்கும் இரண்டு மூன்றை மட்டும் பதிந்தால்கூடப் போதும்.

பெயரைக் காப்பது வேறு, டிசைனைக் காப்பது வேறு

உரிமைக்காகப் போராடுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1957இல் திண்டுக்கல்லில் தொடங்கிய தலப்பாக்கட்டி பிரியாணிக் கடை, அதைப் போன்ற பெயர் வைத்தவர்கள்மீது சென்னை உயர் நீதிமன்றம்வரை போய் வழக்காடியது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அதே ஆண்டில்தான். மதுரைச் சுங்குடி 2005லேயே அதைப் பெற்றுவிட்டது.

இவை பெருமைக்குரியவை. ஆனால் புவிசார் குறியீடு காப்பது ஊரின் பெயரை. வேறு ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று சொல்லி விற்கக் கூடாது என்பதோடு அதன் வேலை முடிகிறது. ஒரு தொழிலாளி தன் மூளையால் கண்டுபிடித்த புதுப் பூட்டு நுட்பத்துக்குக் காப்புரிமையும், அதன் புதுத் தோற்றத்துக்கு டிசைன் பதிவும் தனித்தனியாகப் பெற வேண்டும். ஊருக்குக் கிடைத்த சான்றிதழ் தனியொருவரின் கற்பனையைக் காக்காது.

ஸ்டுடியோவும் மேடையும்

சேலைக்கு வெளியே நிலைமை வேறு. அங்கே உரிமை பறிபோவது பெரும்பாலும் எழுத்து இல்லாததால்.

ஃபிளெக்ஸ் கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் தனியாக லோகோ வரைந்து தரும் இளைஞர், எழுதிக் கொடுக்காதவரை அதன் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் முதலாளியிடம் போய்விடும். ஒளிப்படக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பத்தின் படத்தை ஸ்டுடியோ விளம்பரத்துக்குப் போட, ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான்.

இசையில் இதன் விலை என்ன என்பதை இளையராஜாவின் வழக்குகள் நாட்டுக்கே காட்டின. நம் மாவட்டத்துக் கொடைக்கானல் குணா குகையைக் களமாகக் கொண்ட 'மஞ்சும்மெல் பாய்ஸ்' படத்தில், அவர் இசையமைத்த 'குணா' படத்தின் பாட்டு ஒலித்ததற்கு 2024இல் அவர் நோட்டீஸ் அனுப்பினார். இசை நிறுவனங்களிடம் உரிமை வாங்கியிருக்கிறோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். யார் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார் என்ற கேள்வி ஒரு பாட்டுப் பிறந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும் ஓயவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் சம பங்கு தந்து, அதை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தது.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் உரிமை உண்டு என்பதை உரக்கச் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார்கள். பறையின் அடிகளும் ஒப்பாரியின் மெட்டும் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. ஆனால் ஒரு கலைஞர் ஒரு மேடையில் நிகழ்த்தியது அவருடையது. அனுமதியின்றிப் பதிவு செய்து விற்பதைத் தடுக்கவும், வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கவும் அவருக்கு 50 ஆண்டுக்காலம் உரிமை இருக்கிறது. திருவிழாவில் வாசித்ததை யாரோ பதிந்து யூடியூபில் போட்டுக் காசு பார்க்கும்போது, கலைஞர் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

சட்டம் இன்னும் இறங்கி வர வேண்டும்

பதிவு செய்தவருக்கும் இன்றைய சட்டம் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிசைன் திருட்டுக்கு வசூலிக்கக்கூடிய தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய். ஒரு டிசைனுக்கு மொத்தமாக 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. இல்லையென்றால் நஷ்டஈட்டு வழக்குத்தான். 2000இல் வைத்த தொகை இன்று லட்சக்கணக்கில் நகலடிப்பவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவே செய்யாத டிசைனுக்கும், வெளியான நாளிலிருந்து 3 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. வெளியிட்ட பிறகும் 12 மாதத்துக்குள் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு பண்டிகையில் ஓடி அடுத்த பண்டிகையில் மாறிவிடும் சேலைத் தொழிலுக்கு ஏற்ற ஏற்பாடு அதுதான். இந்தியாவும் அதைக் கொண்டுவர வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. மாவட்டத் தொழில் மையமும் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சின்னாளபட்டியில் ஒரு டிசைன் பதிவு உதவி மையத்தைத் திறக்க வேண்டும். வரைந்த படத்தோடு வருகிறவருக்கு, அது புதியதா என்று தேடிப் பார்த்து, விண்ணப்பத்தை நிரப்பி, அன்றைக்கே அனுப்பிக் கொடுக்க இரண்டு பேர் போதும். பல்கலைக்கழகமும் பட்டறைகளும் ஒரே சாலையில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வரும் தீபாவளிச் சேலைகளுக்கு ஸ்கிரீன் போடும் முன்பே அந்த மையம் திறந்திருக்க வேண்டும்.