கூரையில் சூரியன், வீட்டில் இருட்டு!

பட்டப்பகல். வெயில் கொளுத்துகிறது. மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்கள் பளபளக்கின்றன. ஆனால், வீட்டுக்குள்ளே மின்விசிறி நின்று கிடக்கிறது!

"தெருவில் கரண்டு இல்லை" என்கிறார்கள். தெருவில் இல்லாவிட்டால் என்ன? மாடியில்தான் கரண்டு உற்பத்தி ஆகிறதே!

அதுவும் ஆகவில்லை என்பதுதான் விஷயம். தெருவில் கரண்டு போனவுடன் மாடியிலும் நின்றுவிட்டது.

லட்சக் கணக்கில் செலவு செய்து பேனல் போட்ட பலர், முதல் மின்வெட்டின்போது திகைத்துப் போவது இதனால்தான். பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்து கொண்டிருந்தால் திகைப்பு இல்லை.

பேனல் பிறக்கும் வட்டாரம்

காஞ்சீபுரம் மாவட்டத்தில், ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்குப்பட்டு. சின்னக் கிராமம்தான். ஆனால், மிகப் பழைய ஊர். 2022-ம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை இங்கே மண்ணைத் தோண்டியது. கற்கால மனிதன் செதுக்கிய கல் ஆயுதங்கள் கிடைத்தன. ரோம் நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன.

அன்று கல் ஆயுதம் செய்த வட்டாரம் இன்று கார் செய்கிறது, டயர் செய்கிறது, சோலார் பேனலும் செய்கிறது!

ஒரகடத்தில் விக்ரம் சோலார் கம்பெனியின் பேனல் தொழிற்சாலை 2021-ல் தொடங்கியது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில், அமெரிக்காவின் பர்ஸ்ட் சோலார் கம்பெனி கட்டிய தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 33 லட்சம் கிலோவாட் அளவுக்குப் பேனல் செய்யும் சக்தி அதற்கு உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்று வைத்தால், 11 லட்சம் வீடுகளுக்குச் சமம்! (ஆனால், இந்தப் பேனல்கள் பெரும்பாலும் பெரிய மின் நிலையங்களுக்குப் போகிறவை.)

சூரிய ஒளியைக் கரண்டாக மாற்றும் சிலிக்கான் செல்லை, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் 1954 ஏப்ரல் 25-ந் தேதி உலகத்துக்குக் காட்டினார்கள். விழுந்த வெயிலில் 100-க்கு 6 பங்குதான் அப்போது கரண்டாக மாறியது. இப்போது கடையில் விற்கும் நல்ல பேனலில் 20 பங்குக்கு மேல் மாறுகிறது.

ஏன் நிற்கிறது?

பேனலில் இருந்து வருவது பேட்டரியில் இருப்பதைப் போன்ற டி.சி. கரண்டு. வீட்டில் ஓடுவது ஏ.சி. கரண்டு. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது இன்வெர்ட்டர் பெட்டி.

வீடுகளில் அதிகமாகப் போடப்படுவது "ஆன்-கிரிட்" இன்வெர்ட்டர். இது மின்வாரியக் கம்பியோடு கைகோத்து வேலை செய்கிறது. கம்பியில் கரண்டு இருந்தால்தான் இது ஓடும். கம்பியில் கரண்டு போனால், அடுத்த நொடிக்குள் இதுவும் தானாக நின்றுவிடும்.

இது கோளாறு அல்ல. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

காரணம், கம்பத்தில் ஏறுகிற லைன்மேன்! கரண்டை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியில் கை வைக்கிறார். அந்த நேரத்தில், யாரோ ஒருவர் வீட்டு மாடியில் இருந்து கரண்டு கம்பிக்குள் பாய்ந்தால் என்ன ஆகும்? ஓர் உயிர் போய்விடும்.

2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல இடங்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லை. புயலுக்குப் பிறகு வெயில் அடித்தாலும், பேட்டரி இல்லாத சோலார் வீட்டுக்கு அதனால் பயன் கிடையாது. கம்பி உயிர் பெறும்வரை அதுவும் இருட்டு வீடுதான்.

பேட்டரி இருந்தால் கதை வேறு. அதற்கு "ஹைபிரிட்" இன்வெர்ட்டர் வேண்டும். தெருவில் கரண்டு போனவுடன், அது வீட்டை மின்வாரியக் கம்பியில் இருந்து தனியாகப் பிரித்துவிடும். பிறகு பேனலும் பேட்டரியும் சேர்ந்து வீட்டை ஓட்டும். கம்பிக்கு ஒரு துளிகூடப் போகாது. லைன்மேனும் பத்திரம், வீட்டிலும் வெளிச்சம்.

பேட்டரி எல்லாருக்கும் வேண்டுமா?

வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல், நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால், இதில் பெரும்பகுதி மின்வாரியத்துக்குப் போகும். போனதையும் வந்ததையும் ஒரே மீட்டர் கணக்கு வைக்கும். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு பில் போடுவார்கள். அதாவது, பகலில் கொடுத்ததை இரவில் திருப்பி வாங்கிக் கொள்வது போல! மின்வெட்டு அதிகம் இல்லாத தெருவில், மின்வாரியத்தைவிட மலிவான பேட்டரி கிடையாது.

ஆகவே, பில்லைக் குறைப்பதற்குப் பேட்டரி வாங்குவது வீண் செலவு. இருட்டைப் போக்குவதற்கு வாங்கலாம். வீட்டில் கைக்குழந்தை, படுத்த படுக்கையான முதியவர், மூச்சு யந்திரம் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்க வேண்டும்.

ஒரகடம் பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. இரவு ஷிப்டு பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவர்கள் இங்கே அதிகம். அவர்களுக்கு நடுப்பகல்தான் நடுராத்திரி! விசிறி ஓட வேண்டிய நேரமும் பேனல் நன்றாகக் கரண்டு தரும் நேரமும் ஒன்றாக இருப்பதால், மின்வெட்டைச் சமாளிக்கச் சின்னப் பேட்டரியே அந்த வீட்டுக்குப் போதும்.

சூட்சுமம் விசிறியில் இருக்கிறது

எவ்வளவு பெரிய பேட்டரி? இதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்பு, ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

பழைய மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினால் 1,200. எல்.இ.டி. பல்பு 9 வாட். நாலு பல்பு 5 மணி நேரம் எரிந்தால் 180. டெலிவிஷன் 60 வாட். 3 மணி நேரத்துக்கு 180. மொத்தம் 1,560. ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட். ஆகவே, ஓர் இரவுக்கு ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே.

விற்பனையில் இருக்கும் சாதாரண ஈய பேட்டரி 12 வோல்ட், 150 ஏ.எச். இரண்டையும் பெருக்கினால் 1,800. "அப்படியானால் ஒரு பேட்டரி போதுமே!" என்று நினைக்கக் கூடாது. ஈய பேட்டரியைத் தினமும் அடிவரை காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். பாதியோடு நிறுத்துவதுதான் நல்லது. பாதி என்றால் 900. ஆக, இரண்டு பேட்டரி வேண்டும்.

இப்போது விசிறியை மட்டும் மாற்றிப் பாருங்கள். பி.எல்.டி.சி. என்ற புது வகை விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். இரண்டு விசிறிக்கு 8 மணி நேரத்துக்கு 480. மொத்தக் கணக்கு 840 ஆகக் குறைந்துவிடும். ஒரு பேட்டரியோடு சமாளிக்கலாம்!

இரண்டு விசிறியை மாற்றினால் ஒரு பேட்டரி மிச்சம். இதை விற்பனைக்கு வருகிறவர் சொல்லமாட்டார். அவர் வந்தது பேட்டரி விற்க!

இந்தச் சூட்சுமத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறார்கள். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், டி.சி. கரண்டிலேயே ஓடும் விசிறியும் விளக்கும் கொண்ட ஏற்பாட்டைச் செய்தார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில், மின்கம்பியே எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போயிற்று. ஒரு வீட்டுக்கு 125 வாட் பேனல் ஒன்று. ஒரு சின்ன பேட்டரி. அவ்வளவுதான்!

குஜராத்தில் மொதேரா என்ற ஊரில் வேறு வழியில் போனார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய சூரியன் கோயில் உள்ள ஊர் அது. அங்கே 1,300-க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரையில் ஒரு கிலோவாட் பேனல் வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பேட்டரி வைக்கவில்லை. பக்கத்தில் ஓர் இடத்தில் பெரிய சோலார் மின் நிலையமும், ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி நிலையமும் அமைத்தார்கள். 2022 அக்டோபர் 9-ந் தேதி, இரவும் பகலும் சூரிய சக்தியில் ஓடும் முதல் இந்தியக் கிராமம் என்று பிரதமர் அறிவித்தார்.

ஈயமா, லித்தியமா?

ஈய பேட்டரி விலை குறைவு. ஆனால், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். சமையல் அறையிலோ, சாமி விளக்கு ஏற்றும் இடத்திலோ வைக்கவே கூடாது. நாலைந்து வருடத்தில் புதிது வாங்க நேரும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். 100-க்கு 80 பங்குவரை காலி செய்யலாம். பத்து வருடம் உழைக்கும். கையில் பணம் இருப்பவர்களுக்கு இதுவே லாபம்.

பழைய ஈய பேட்டரியைக் காயலான் கடையில் உடைக்கக் கொடுக்காதீர்கள். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-ம் ஆண்டு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாகக் கையாளும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழித்துக் கொள்ளலாம்.

மாடியும் மானியமும்

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நிழல் ஆகாது. தென்னங்கீற்றின் நிழல், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் உற்பத்தி குறையும். நம் ஊரில் பேனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்க வேண்டும். தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீர்கள், மழையில் ஒழுகும். சிமெண்டுக் கட்டை போட்டு அதன்மேல் சட்டம் நிறுத்தலாம். சட்டத்தை உயரமாக நிறுத்தினால், கீழே துணி உலர்த்தவும் இடம் கிடைக்கும். ஆனால், உயரம் கூடக்கூடப் புயல் காற்றும் அதிகமாகப் பிடிக்கும். சட்டம் அதற்கேற்ற பலத்தோடு இருக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த "பி.எம். சூர்ய கர்" திட்டத்தில் மானியம், 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000. பேனலும், அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். இது பேனலுக்கான மானியம். பேட்டரிக்கு அதில் பணம் கிடையாது. "பேட்டரிக்கும் மானியம் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாம் பொருத்திய பிறகு, கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பு ஒரு சோதனை. பொருத்தியவர் பக்கத்தில் இருக்கும்போதே, மின்வாரியத்தில் இருந்து வரும் மெயின் சுவிட்சை அவரையே அணைக்கச் சொல்லுங்கள். விசிறி நிற்காமல் ஓடுகிறதா? விளக்கு எரிகிறதா? ஐஸ்பெட்டியும் ஓடும் என்று சொல்லியிருந்தால், அதையும் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.